குறையும் உரிமையும்: வன்னிப் பெருநிலப்பரப்பில் வாகன மீளழைப்புப் பிரச்சினை — ஒரு சமூக வரலாற்று நோக்கு

1. தோற்றுவாய்

மோட்டார் வாகனங்களிற் காணப்படும் பாதுகாப்புக் குறைபாடுகளும், அவை தொடர்பாக உடைமையாளர்க்குள்ள உரிமைகளும் தமிழியல் ஆய்வேடொன்றிலே ஆராயத்தக்க பொருளாகுமா என்னும் ஐயம் சிலருக்கு எழக்கூடும். இலக்கியத்தையும் சாசனங்களையும் மட்டுமே வரலாற்றின் மூலங்களாகக் கொள்ளும் மரபிலே பயின்றோர்க்கு இவ்வையம் எழுதல் இயல்பே. ஆயின் ஒரு சமுதாயம் எக்கருவிகளைக் கொண்டு உழைக்கின்றது, அக்கருவிகளை யார் செய்கின்றனர், அவை பழுதுபடும்பொழுது நட்டத்தை யார் சுமக்கின்றனர் என்னும் வினாக்களை விடுத்து அச்சமுதாயத்தின் வரலாற்றை எழுதிவிட முடியாது. வன்னிப் பெருநிலப்பரப்பிலே வாழும் விவசாயிக்கு உழவு இயந்திரமும், கூலித் தொழிலாளிக்கு அதன் பெட்டியும், வேலையற்ற இளைஞனுக்கு முச்சக்கர வண்டியும் வெறும் பண்டங்களல்ல; பிழைப்பின் அடிப்படைகள். எனவே அவற்றின் குறைபாடு அவர்தம் வாழ்வின் குறைபாடாகவே முடிகின்றது.

ஒரே வடிவமைப்பிலே ஆயிரக்கணக்கில் உற்பத்தி செய்யப்பட்ட ஊர்திகளில் உயிராபத்து விளைவிக்கத்தக்க குறையொன்று உண்டெனப் பின்னர் தெரியவருமிடத்து, உற்பத்தி நிறுவனம் அதனை உடைமையாளர்க்கு அறிவித்து, தன் செலவிலே திருத்தியோ மாற்றியோ கொடுத்தல் இன்று பல நாடுகளிலே சட்டக் கடமையாகவுள்ளது. இதனை ஈண்டு மீளழைப்பு எனக் குறிப்பிடுகின்றோம். இச்சொல் இன்னும் நம்மிடையே நிலைபெறவில்லை. சொல் நிலைபெறாமைக்கும், அது குறிக்கும் உரிமை நிலைபெறாமைக்கும் தொடர்புண்டு. பண்டத்தின் குறை கடல்கடந்து வன்னிவரை வந்து சேர்கின்றது. அக்குறைபற்றிய அறிவும், அதனாற் பிறக்கும் உரிமையும் வந்து சேர்வதில்லை. இந்த முரண்பாட்டின் வரலாற்றுக் காரணிகளை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

2. அச்சும் சேமவச்சும்

வண்டியின் பழுதுபற்றிய சிந்தனை தமிழிலே மிகப் பழைமையானது. புறநானூற்றின் 102 ஆம் பாடலிலே ஔவையார், பொகுட்டெழினியை உமணர் தம் வண்டியின் அடிமரத்திலே கட்டிச் செல்லும் சேமவச்சுக்கு ஒப்பிடுகின்றார். பழக்கமில்லாத எருதுகள், மிகையான பாரம், மேடுபள்ளமான வழி ஆகியவற்றை எண்ணி, ஓரச்சு முறிந்தால் மாற்றுதற்கு இன்னோரச்சை உப்பு வணிகர் உடன்கொண்டு சென்றனர் என்பது அவ்வுவமையின் பொருட் பின்னணி. இவ்வுவமையைப் பாராட்டும் உரைகள் பெரும்பாலும் மன்னனின் சிறப்போடு நின்றுவிடுகின்றன. ஆனால் சமூகவியல் நோக்கிலே இங்கு கவனிக்கத்தக்கது வேறொன்று. பயணத்தின் ஆபத்தை உமணனே ஏற்றுக்கொள்கின்றான்; ஆயினும் அவ்வாபத்தின் இயல்பை அவன் நன்கறிவான். எது முறியக்கூடும் என்பதும், முறிந்தால் எதனை மாற்ற வேண்டும் என்பதும் அவனுக்குத் தெரியும். கருவிபற்றிய அறிவு கருவியைப் பயன்படுத்துவோனிடமிருந்து பிரிக்கப்படவில்லை.

வன்னியிலே இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதிவரை நெல்லையும் உப்பையும் மரத்தையும் ஏற்றிச் சென்ற மாட்டுவண்டியும் இவ்வகைப்பட்டதே. சக்கரத்தின் குடத்தையும் ஆரக்காலையும் செய்த தச்சனும், இரும்புப் பட்டாவை இறுக்கிய கொல்லனும் பெரும்பாலும் வண்டிக்காரனுக்கு முகமறிந்தவர்கள். ஆரக்கால் உளுத்ததாயின் வண்டி மீண்டும் அதே பட்டறைக்குச் சென்றது. செய்தோன் யார், பயன்படுத்துவோன் யார் என்பது மறைக்கப்படாத உற்பத்தி உறவிலே மீளழைப்பு என்னும் தனியொரு நிறுவனம் தேவைப்படவில்லை.

ஆயின் இதனைப் பொற்காலமாகக் கற்பித்தல் தவறாகும். தச்சனும் கொல்லனும் சாதி அமைப்பினாற் கட்டுண்டவர்கள். நிலவுடைமையாளன் தன் வண்டியைத் திருத்துவித்தது உரிமையினால் மட்டுமன்று, அதிகாரத்தினாலும் ஆகும். சொந்த வண்டியில்லாத கூலி வண்டிக்காரனுக்கு அதே வேகத்திற் பணி கிடைத்திருக்குமெனக் கொள்வதற்கில்லை. எனவே முகமறிந்த உற்பத்தி உறவு நீதியான உறவென்று பொருள்படாது. எனினும் அவ்வுறவிலே குறைக்குப் பொறுப்பாளி யார் என்பது ஐயத்துக்கு இடமின்றித் தெரிந்தது. முதலாளித்துவப் பண்ட உற்பத்தி மறைத்தது இதனையேயாகும்.

3. பண்டமும் முகமற்ற உற்பத்தியும்

இரணைமடுக் குளத்தின் நிருமாணமும், 1930களிலிருந்து கிளிநொச்சிப் பகுதியிலே உருவான குடியேற்றத் திட்டங்களும் வன்னியின் விவசாயப் பொருளாதாரத்திலே புதிய கட்டமொன்றைத் தொடக்கின. காடு வெட்டித் திருத்தப்பட்ட பரந்த வயல்களுக்கு எருதின் வலு போதவில்லை. இரண்டாம் உலகப் போரையடுத்த தசாப்தங்களிலே நாற்சக்கர உழவு இயந்திரமும், பின்னர் இருசக்கர உழவு இயந்திரமும் இங்கு பரவின. இருசக்கர உழவு இயந்திரத்தை எந்த நிறுவனத்துடையதாயினும் 'லான்ட்மாஸ்ரர்' என்று அழைக்கும் வழக்கு இன்றும் வன்னியிலே உண்டு. இது பிரித்தானிய நிறுவனமொன்றின் வணிகப் பெயர். நிறுவனத்தின் பெயர் பண்டத்தின் பொதுப்பெயராகியது. நிறுவனமோ மக்களின் பார்வைக்கு எட்டாத தொலைவிலேயே இருந்தது. பெயர் வீட்டு முற்றத்திலும், பெயருக்குரியவர் கடலுக்கப்பாலும் இருந்த இந்நிலை புதிய உற்பத்தி உறவின் குறியீடு எனலாம்.

இப்புதிய உறவுக்கு ஏற்ற சட்டம் ஏற்கெனவே ஆக்கப்பட்டிருந்தது. 1893 ஆம் ஆண்டின் ஆங்கிலச் சட்டத்தை அடியொற்றி, 1896 ஆம் ஆண்டின் 11 ஆம் இலக்கப் பொருள் விற்பனைக் கட்டளைச் சட்டம் இலங்கையிலே நடைமுறைக்கு வந்தது. வாங்குவோனே விழிப்பாயிருத்தல் வேண்டும் என்பதே அதன் அடிக்கோட்பாடு. வாங்குவோன் தன் தேவையை எடுத்துரைத்து விற்போனின் திறமையை நம்பி வாங்கினால், பொருள் அத்தேவைக்கு ஏற்றதாயிருத்தல் வேண்டும் என்னும் விலக்கை அது அனுமதித்தது. ஆயினும் ஒரு பொருளை அதன் வணிகப் பெயரைச் சுட்டி வாங்கினால் அப்பாதுகாப்பு இல்லையென்றும், வாங்குமுன் பரிசோதித்திருந்தால் அப்பரிசோதனையிலே புலப்பட்டிருக்க வேண்டிய குறைக்கு விற்போன் பொறுப்பல்லன் என்றும் அச்சட்டம் விதித்தது. வணிகப் பெயர் பற்றிய இவ்விதியைப் பிரித்தானியா 1973 ஆம் ஆண்டிலேயே கைவிட்டது. பெயரைச் சொல்லியே வாகனம் வாங்கும் ஒரு சமுதாயத்திலே இவ்விதியின் பாரதூரத்தை விளக்கவேண்டியதில்லை.

இச்சட்டத்தின் மற்றொரு வரையறை இன்னும் ஆழமானது. அது விற்போனுக்கும் வாங்குவோனுக்கும் இடையேயுள்ள ஒப்பந்தத்தை மட்டுமே நோக்குகின்றது. உற்பத்தி செய்தோன் அதன் பார்வையிலே இல்லை. கைமாறிக் கைமாறி வந்த வாகனத்தை மூன்றாமவரிடம் வாங்கிய வவுனியா விவசாயியொருவன், ஒப்பந்தத்தின் வழியே அதனைச் செய்தோனை அணுக வழியில்லை. சந்தை ஒப்பந்தங்களின் சங்கிலியாகும். அச்சங்கிலியின் ஒவ்வொரு கண்ணியிலும் பொறுப்பு சிறிது சிறிதாகக் கரைந்துபோகின்றது.

4. போராட்டத்தின் விளைவான உரிமை

மீளழைப்பு நிறுவனங்களின் பெருந்தன்மையாற் பிறந்ததன்று. மார்க்ஸ் மூலதனத்தின் முதலாம் பாகத்திலே, வேலைநாள் பற்றிய அத்தியாயத்தில், இலண்டன் மாநகரின் பாணிலே கலக்கப்பட்ட கலப்படங்களை விரிவாக எடுத்துக்காட்டி, கலப்படத்துக்கெதிரான 1860 ஆம் ஆண்டுச் சட்டம் வணிகச் சுதந்திரத்துக்கு ஊறு நேராதபடி இயற்றப்பட்டமையாற் செயலற்றுப்போனதை எள்ளலுடன் குறிப்பிடுகின்றார். பயன்பெறுமதி மாற்றுப்பெறுமதிக்குக் கீழ்ப்படுத்தப்படும்போது பண்டத்தின் குறை தற்செயலான தவறாக அன்றி, உற்பத்திச் செலவைக் குறைக்கும் போக்கின் இயல்பான விளைவாகவே தோன்றுகின்றது. பாணுக்குப் பொருந்திய இவ்வுண்மை மோட்டார் வாகனத்துக்கும் பொருந்துவதை இருபதாம் நூற்றாண்டு நிறுவியது.

முதலாவது திருப்பம் ஒரு சக்கரத்தோடு தொடர்புடையது. நியூயோர்க் மாநிலத்திலே மக்பேர்சன் என்பார் வாங்கிய பியூக் மோட்டார் காரின் மர ஆரக்கால்கள் நொறுங்கியமையால் அவர் காயமடைந்தார். சக்கரத்தை வேறொரு நிறுவனம் செய்திருந்தது. காரை அவர் வாங்கியதோ முகவரிடமிருந்து. தனக்கும் அவருக்கும் ஒப்பந்தமில்லை என்று பியூக் நிறுவனம் வாதிட்டது. 1916 ஆம் ஆண்டிலே நீதிபதி கார்டோசோ இவ்வாதத்தை நிராகரித்தார். கவனயீனமாகச் செய்தால் ஆபத்து விளைவிக்கக்கூடிய பொருளைச் சந்தைக்கு விடுபவர், இடையிலே எத்தனை கை மாறினாலும் பயன்படுத்துவோர்க்குக் கடமைப்பட்டவர் என்பது அத்தீர்ப்பின் சாரம். தச்சன் பட்டறையிலே வெளிப்படையாயிருந்த பொறுப்பு, சந்தையின் நீண்ட சங்கிலியைத் தாண்டி, சட்டத்தின் மூலம் மீண்டும் நிலைநாட்டப்பட்டது.

எனினும் அது விபத்தின் பின் கிடைத்த நிவாரணமே. விபத்தின் முன் எச்சரிக்கை பெறும் உரிமை மேலும் 50 ஆண்டுகள் கடந்தே கிடைத்தது. 1965 ஆம் ஆண்டிலே ரால்ப் நேடர் அமெரிக்க வாகனங்களின் ஆபத்தான வடிவமைப்பினை நூலொன்றில் அம்பலப்படுத்தினார். ஜெனரல் மோட்டோர்ஸ் நிறுவனம் குறையை ஆராய்வதற்குப் பதிலாக நேடரின் தனிவாழ்வை ஆராய ஒற்றர்களை ஏவியது. 1966 ஆம் ஆண்டிலே அதன் தலைவர் செனற் சபைக் குழுவின் முன் மன்னிப்புக் கேட்க நேர்ந்தது. அவ்வாண்டு நிறைவேறிய சட்டம் குறைபாட்டை உடைமையாளர்க்கு அறிவிக்குமாறு நிறுவனங்களைக் கட்டாயப்படுத்தியது. ஆனால் இலவசமாகத் திருத்திக் கொடுக்கும் கடமை 1974 ஆம் ஆண்டுத் திருத்தத்தின் மூலமே சேர்க்கப்பட்டது. அறிவிப்பதற்கும் திருத்துவதற்கும் இடைப்பட்ட இந்த எட்டாண்டு இடைவெளி உரிமைகள் படிப்படியாகப் பறித்தெடுக்கப்படுகின்றன என்பதற்குச் சான்று.

1978 ஆம் ஆண்டிலே போர்ட் நிறுவனம் எரிபொருட் தாங்கியின் ஆபத்துக் காரணமாக ஏறத்தாழ 15 இலட்சம் வாகனங்களை, பெரும்பாலும் பின்ரோ கார்களை, மீளழைக்க நேர்ந்தது. அக்காலத்திலே வெளியான அந்நிறுவனத்தின் கணிப்பு ஆவணமொன்று, வாகனமொன்றுக்கு 11 டொலர் செலவையும், மனித உயிரொன்றுக்கு 2 இலட்சம் டொலர் பெறுமதியையும் எதிரெதிரே நிறுத்தியிருந்தது. அவ்வாவணம் வாகனம் புரளும்போது ஏற்படும் தீ தொடர்பாகத் தயாரிக்கப்பட்டதென்பதும், உயிரின் விலையை முதலிலே கணித்தது அரச நிறுவனமே என்பதும் பின்னர் சுட்டிக்காட்டப்பட்டன. இத்திருத்தம் நமது முடிவை மென்மைப்படுத்துவதில்லை. அரசும் மூலதனமும் ஒரே அளவுகோலினாலே உயிரை அளந்தன என்பதே அதனாற் பெறப்படுகின்றது.

வன்னியிலே ஓடும் வாகனங்களிற் பெரும்பங்கு யப்பானிலிருந்து வந்தவையாதலின் அந்நாட்டின் அனுபவம் நமக்கு நெருக்கமானது. 1969 ஆம் ஆண்டிலே யப்பானிய நிறுவனங்கள் குறைகளை மறைத்து இரகசியமாகத் திருத்துகின்றன என்ற செய்தி வெளியாகியதைத் தொடர்ந்தே அங்கு மீளழைப்பு முறை ஏற்படுத்தப்பட்டது. ஆயினும் மிற்சுபிசி நிறுவனம் ஏறத்தாழ 20 ஆண்டுகளாக வாடிக்கையாளர் முறைப்பாடுகளை அரசுக்கு மறைத்து வந்தமை 2000 ஆம் ஆண்டில் வெளியாகியது. 2002 ஆம் ஆண்டிலே யோக்கொகாமா நகரில், அந்நிறுவனத்தின் கனரக வாகனமொன்றிலிருந்து கழன்ற சக்கரம் தாயொருவரின் உயிரைப் பறித்தது. வாகனத்தைப் பராமரித்தோரின் தவறே காரணமென நிறுவனம் கூறிவந்தது. சக்கரக் குடத்தின் குறையே காரணமென 2004 ஆம் ஆண்டில் ஒப்புக்கொண்டது. குறையைப் பயன்படுத்துவோன் தலையிலே சுமத்தும் இவ்வழக்கு உலகெங்கும் ஒன்றே. நம்மிடையே அது சாரதியின் கவனயீனம் என்றும், சிலவேளைகளில் விதி என்றும் பெயர் பெறுகின்றது.

5. வன்னியின் தனித்தன்மை

மேலே விவரித்த உரிமை மூன்று முன்நிபந்தனைகளை வேண்டி நிற்கின்றது. வாகனம் யாரிடம் உள்ளது என்பது பதிவேட்டில் இருத்தல் வேண்டும்; குறைபற்றிய செய்தி அவரை அவர்தம் மொழியிலே அடைதல் வேண்டும்; திருத்துமிடம் எட்டுந் தூரத்தில் இருத்தல் வேண்டும். வன்னியின் அண்மைக்கால வரலாறு இம்மூன்றையும் தகர்த்தது.

1990 ஆம் ஆண்டிலிருந்து நிலவிய பொருளாதாரத் தடையின்போது எரிபொருளும் உதிரிப்பாகங்களும் மின்கலங்களும் இப்பிரதேசத்துக்கு வருவது கடுமையாகக் கட்டுப்படுத்தப்பட்டது. பெற்றோலுக்கென வடிவமைக்கப்பட்ட இயந்திரங்கள் மண்ணெண்ணெயில் ஓட்டப்பட்டன. யப்பானிய அஞ்சற் சேவைக்கென உருவான எம்.டி. 90 மோட்டார் சைக்கிள் போன்ற எளிய ஊர்திகள் இப்பிரதேசத்தின் இன்றியமையாத கருவிகளாயின. இக்காலத்திலே வன்னியின் மெக்கானிக்குகள் வெளிப்படுத்திய ஆற்றல் உழைக்கும் மக்களின் ஆக்கத்திறனுக்குச் சிறந்த உதாரணமாகும். ஆயின் உற்பத்தியாளன் விதித்த தரத்திலிருந்து வாகனம் விலக விலக, அவனது பொறுப்பைச் சுட்டிக்காட்டுதலும் கடினமாயிற்று. உயிர்வாழ்வதற்காக மக்கள் செய்த மாற்றமே பின்னர் அவர்களுக்கு எதிரான வாதமாகக் கூடியதாயிருந்தது.

ஏ-9 நெடுஞ்சாலை 2002 ஆம் ஆண்டிலே திறக்கப்பட்டு, 2006 ஆம் ஆண்டு ஆகஸ்டில் மீண்டும் மூடப்பட்டது. 2009 ஆம் ஆண்டின் இறுதிப் போரிலே மக்கள் தம் உழவு இயந்திரங்களோடும் மோட்டார் சைக்கிள்களோடும் கிழக்கு நோக்கி இடம்பெயர்ந்து, முள்ளிவாய்க்காற் பகுதியிலே அவற்றைக் கைவிட்டனர். துருப்பிடித்த வாகனக் குவியல்கள் போரின் பின்னரும் அங்கு நெடுங்காலம் கிடந்தன. வாகனத்தோடு அதன் ஆவணங்களும் அழிந்தன. பதிவுப் புத்தகம் இல்லாதவனுக்கு வாகனம் தன்னுடையதென நிறுவுதலே பெரும்பாடாகும். குறையைப் பற்றி வாதிடுதல் அதற்குப் பின்னரே.

போரின் பின்னர் நெடுஞ்சாலை வழியே முதலில் வந்தவற்றுள் நிதி நிறுவனங்களும் அடங்கும். மக்கள் வழக்கிலே லீசிங் எனப்படும் நிதிக் குத்தகை முறையில், உழவு இயந்திரமும் முச்சக்கர வண்டியும் பெருமளவில் வாங்கப்பட்டன. இம்முறையிலே பதிவுச் சான்றிதழில் நிதி நிறுவனமே முழுமையான உடைமையாளராகப் பதியப்படும். வாகனத்தை ஓட்டி, தவணை கட்டி, பழுதுபார்ப்பவர் பதிவுசெய்யப்பட்ட உடைமையாளர் மட்டுமே. வாகனம் குறைபாட்டினால் ஓடாது நின்றாலும் தவணை நிற்பதில்லை. உடைமையின் பயன் ஓரிடத்திலும் உடைமையின் சுமை மற்றோரிடத்திலும் இருப்பதை இதனைவிடத் தெளிவாகக் காட்டும் ஆவணம் வேறில்லை.

இதன் மறுபுறம் ஓப்பின் பேப்பர் என வழங்கும் நடைமுறையாகும். உரிமை மாற்றப் பத்திரத்திலே விற்போன் ஒப்பமிட்டுக் கொடுக்க, வாங்கியோன் தன் பெயரைப் பதியாமலே வாகனத்தை வைத்திருந்து இன்னொருவருக்கு விற்றல் நாடெங்கும் நெடுங்காலம் வழக்கிலிருந்தது. பதிவுச் செலவு மிச்சமாகின்றது என்பது உண்மை. ஆயின் மீளழைப்பு அறிவித்தல் பதிவேட்டிலுள்ள பெயருக்கே செல்லும். கொழும்பிலோ கண்டியிலோ வாழும் முன்னை உடைமையாளரின் முகவரியிலே அது முடிந்துவிட, முல்லைத்தீவிலே வாகனம் ஓடிக்கொண்டிருக்கும்.

6. தக்காட்டா: ஒரு சான்று

மேற்கூறிய யாவும் ஒன்றுகூடும் இடமாகத் தக்காட்டா காற்றுப்பை விவகாரம் அமைகின்றது. யப்பானியத் தக்காட்டா நிறுவனம் தன் காற்றுப்பைகளை ஊதச்செய்வதற்கு அமோனியம் நைத்திரேற்றைப் பயன்படுத்தியது. ஈரப்பதனும் வெப்பமாற்றமும் பல ஆண்டுகள் தாக்க, இவ்வேதிப்பொருள் சிதைவுற்று, மோதலின்போது அளவுக்கு மீறிய வேகத்தில் வெடித்து, உலோகத் துண்டுகளைப் பயணியின் முகத்திலும் கழுத்திலும் பாய்ச்சியது. 2014 ஆம் ஆண்டிலே மலேசியாவின் சரவாக் மாநிலத்தில் ஹொண்டா காரொன்றிலே சென்ற கர்ப்பிணிப் பெண்ணொருவர் இதனால் மாண்டார். உலகெங்கும் ஏறத்தாழ 10 கோடி ஊதிகள் மீளழைக்கப்பட்டன. மோட்டார் வாகன வரலாற்றிலே இதனைவிடப் பெரிய மீளழைப்பு நிகழ்ந்ததில்லை. 2017 ஆம் ஆண்டில் அந்நிறுவனம் அமெரிக்க நீதிமன்றிலே குற்றத்தை ஒப்புக்கொண்டது. அதே ஆண்டில் வங்குரோத்தடைந்தது.

ஈரமும் வெப்பமும் மிகுந்த நாடுகளிலேயே இவ்வாபத்து அதிகம் என்பது உறுதிசெய்யப்பட்டது. ஆண்டின் பெரும்பகுதி கடும் வெயிலும், வடகீழ்ப் பருவமழைக் காலத்தில் மிகுந்த ஈரமும் கொண்ட வன்னிக்கு இதன் பொருள் தெளிவு. 2018 ஆம் ஆண்டு மேமாதம் முதல், ஆபத்தான இவ்வூதிகளை மாற்றாத வாகனங்களுக்குக் கட்டாயப் பரிசோதனையிலே அனுமதி வழங்க யப்பான் மறுத்தது. இத்தடை அந்நாட்டின் வீதிகளைப் பாதுகாத்தது. ஏற்றுமதிக்கெனப் பதிவுநீக்கம் பெற்று முன்னரே கப்பலேறிய வாகனமோ அந்நாட்டுப் பதிவேட்டிலிருந்தும், எனவே அந்நாட்டு அறிவித்தலிலிருந்தும் மறைந்துவிட்டது.

2020 ஆம் ஆண்டு மார்ச்சில் அந்நியச் செலாவணி நெருக்கடி காரணமாக இலங்கை அரசு வாகன இறக்குமதியை நிறுத்தியது. தனியார் கார்களுக்கான தடை 2025 ஆம் ஆண்டு பெப்ரவரியிலேயே நீக்கப்பட்டது. இடைப்பட்ட காலத்திலே பழைய வாகனங்களின் விலை ஏறியது. கழிக்கப்பட்டிருக்க வேண்டியவை தொடர்ந்து ஓடின. காலம் செல்லச் செல்ல ஆபத்து மிகும் ஒரு கருவிக்கு, பொருளாதார நெருக்கடி மேலும் ஐந்தாண்டு ஆயுளைக் கொடுத்தது.

7. இன்றைய உரிமைகளும் அவற்றின் எல்லையும்

இந்நிலையிலே உடைமையாளர் செய்யக்கூடியது யாது என்பதைத் தொகுத்து நோக்குதல் அவசியமாகும். முதலாவது, மக்கள் செசி நம்பர் எனக் கூறும் அடிச்சட்ட இலக்கத்தை வாகனத்திலும் பதிவுச் சான்றிதழிலும் ஒப்பிட்டுக் குறித்துக்கொள்ளல். யப்பானின் உள்நாட்டுச் சந்தைக்கெனச் செய்யப்பட்ட வாகனங்களின் இவ்விலக்கம், பிறநாடுகளின் 17 இடங்கொண்ட இலக்கத்திலிருந்து வேறுபட்டது. ஆதலின் அமெரிக்கப் பட்டியலிலே தேடிக் காணாமையாற் குறையில்லையென முடிவுசெய்தல் தவறு. யப்பானிய உற்பத்தி நிறுவனங்களும் அந்நாட்டுப் போக்குவரத்து அமைச்சும் வெளியிடும் பட்டியல்களிலேயே அதனைத் தேடல் வேண்டும்; அல்லது அந்நிறுவனத்தின் இலங்கை முகவரிடம் இலக்கத்தை எழுத்தில் கொடுத்து எழுத்திலே பதில் கோரல் வேண்டும். இந்தியாவிலே 2012 ஆம் ஆண்டு முதல் உற்பத்தியாளர் சங்கத்தின் விருப்ப நெறியாகவிருந்த மீளழைப்பு, 2019 ஆம் ஆண்டுச் சட்டத்திருத்தத்தினால் அரசின் அதிகாரத்துள் வந்தது. முச்சக்கர வண்டியும் சிறிய கார்களும் வைத்திருப்போர் இதனை அறிந்திருத்தல் நன்று.

இரண்டாவது, மீளழைப்பை உத்தரவாதத்தோடு குழப்பலாகாது. உத்தரவாதம் காலவரையறைக்குட்பட்ட வணிக வாக்குறுதி. மீளழைப்பு பாதுகாப்புக் கடமை. அதன் தாய்நாடுகளிலே வாகனம் எத்தனை கை மாறினும் அக்கடமை வாகனத்தையே தொடர்கின்றது. காற்றுப்பை போன்ற வெடிக்கத்தக்க உறுப்பை ஊர்ப் பட்டறையிலே கழற்ற முயலுதல் எவ்வாறாயினும் தவிர்க்கப்படல் வேண்டும்.

மூன்றாவது, 2003 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கச் சட்டத்தினால் நிறுவப்பட்ட பாவனையாளர் அலுவல்கள் அதிகாரசபைக்கு எழுத்திலே முறையிடலாம். வெளிப்படையாகவோ உட்கிடையாகவோ அளிக்கப்பட்ட உத்தரவாதத்துக்குப் பொருந்தாத பண்டத்துக்கு நட்டஈடும், மாற்றீடும், பணம் மீளளிப்பும் கட்டளையிட அதற்கு அதிகாரமுண்டு. ஆனால் முறைப்பாடு மூன்று மாதங்களுக்குள் செய்யப்படல் வேண்டும். பத்தாண்டின் பின் வெடிக்கும் ஊதிக்கு மூன்று மாத அவகாசம் எவ்வாறு பொருந்தும்? இச்சட்டம் உடனே புலப்படும் குறையை மனங்கொண்டு ஆக்கப்பட்டது. மறைந்து வளரும் குறை அதன் கண்ணுக்குத் தப்புகின்றது. 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் வழியே, இறக்குமதியான வாகனங்களின் குறைகள் பற்றி அரச நிறுவனங்களிடம் உள்ள தகவல்களைத் தமிழிலே கோரும் வாய்ப்பும் உள்ளது. விவசாய அமைப்புகளும் முச்சக்கர வண்டிச் சங்கங்களும் கூட்டாகச் செய்யத்தக்க பணி இது. தனியொருவரின் இலக்கத்தை நிறுவனம் புறக்கணிக்கலாம். ஒரு சங்கத்தின் இலக்கங்கள் அனைத்தையும் ஒருங்கே புறக்கணித்தல் எளிதன்று.

எனினும் 'உடைமையாளரின் உரிமை' என்னும் கருத்தோடு நமது ஆய்வு நின்றுவிட முடியாது. விடிகாலையிலே உழவு இயந்திரப் பெட்டியிலேறி நாற்று நடச் செல்லும் பெண்கள் எதன் உடைமையாளரும் அல்லர். முச்சக்கர வண்டியிலே பாடசாலை செல்லும் பிள்ளையும் அல்லள். சக்கரம் கழன்றால் முதலிற் தூக்கியெறியப்படுவோர் இவர்களே. சொத்துரிமையை அச்சாணியாகக் கொண்ட சட்டம் இவர்களைக் காண்பதில்லை. 1916 ஆம் ஆண்டுத் தீர்ப்பு ஒப்பந்தத்தின் எல்லையைத் தாண்டியதுபோல, இனிவரும் சட்டம் உடைமையின் எல்லையையும் தாண்டுதல் வேண்டும். இறக்குமதியாகும் ஒவ்வொரு வாகனத்தின் இலக்கமும் அதன் பிறந்த நாட்டு மீளழைப்புப் பட்டியலோடு ஒப்பிடப்பட்ட பின்னரே பதியப்படல், ஆண்டுதோறும் வருவாய் அனுமதிப்பத்திரம் வழங்கும்போது அவ்வொப்பீடு புதுப்பிக்கப்படல், முடிவு தமிழிலும் சிங்களத்திலும் ஓட்டுபவருக்குக் கையளிக்கப்படல் என்பன நியாயமான கோரிக்கைகளாகும். அனுமதிப்பத்திரப் பணத்தை ஆண்டுதோறும் தவறாது அறவிடும் அரசுக்கு இவ்வொப்பீடு இயலாததெனக் கூறமுடியாது.

தமிழியல் ஆய்வாளர்க்கும் இதிலே ஒரு பணியுண்டு. 1950களிலிருந்து கலைச்சொல்லாக்கத்திலே இந்நாட்டுத் தமிழறிஞர் ஈட்டிய அனுபவம் பல்கலைக்கழக வாயிலோடு நின்றுவிடலாகாது. வாகனத்தின் ஒவ்வோர் உறுப்புக்கும் பட்டறைகளிலே வழங்கும் பெயர்களைத் தொகுத்து, குறையறிவித்தல்களை மெக்கானிக்கும் விவசாயியும் விளங்கும் தமிழிலே தருதல் மொழிப்பணியும் வர்க்கப் பணியுமாகும். உமணன் தன் வண்டியில் எது முறியுமென்று அறிந்திருந்தான். அதனாலேயே சேமவச்சைக் கட்டினான். அவ்வறிவை மூலதனம் உற்பத்திச்சாலைக்குள்ளே பூட்டிவைத்துள்ளது. அதனை மீட்டெடுத்து உழைப்போர் கையிலே ஒப்படைத்தல் இன்றைய சேமவச்சாகும்.